ஐந்தாம் மாடியில் லிப்ட் நிற்காது

எனக்குப் பொறாமை. கொஞ்சநஞ்சம் இல்லை, வயிறு எரிகிற பொறாமை. அதுவும் யார்மேல்? அடுத்த வீட்டுக்காரி மேல் என்றாலாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம். "ஆமாம்மா, அவளுக்கு அவ்வளவு திமிரு" என்று ஒத்து ஊத நாலு பேர் வருவார்கள். எனக்கோ கட்டின புருஷன்மேல். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

என் பிழைப்பு இதுதான்: மூன்று வயது முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளோடு வீட்டில் என்ன செய்யலாம் என்று பெற்றோருக்கு எழுதித் தருவது. வாரம் ஒரு தலைப்பு. தண்ணீர் வாரம், நிழல் வாரம், பூச்சி வாரம், வண்டி வாரம். ஒவ்வொரு தலைப்புக்கும் ஐந்து விளையாட்டுகள். என்னென்ன சாமான் வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும், பிள்ளை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும் என்று விளையாட்டுக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் தடித்த எழுத்தில் நான் தவறாமல் போடுகிற வரி ஒன்று உண்டு: 'பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். கை வைக்க வேண்டாம்.' இந்த ஒரு வரிக்காகவே என் எடிட்டர் அம்மா என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்.

நான் அதை ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி. எழுதுகிறவர் ஐந்து விளையாட்டையும் தன் வீட்டுப் பிள்ளையிடம் செய்துபார்க்க வேண்டும். போட்டோவும் ஒரு பக்கக் குறிப்பும் அனுப்ப வேண்டும். பிள்ளை எத்தனை நிமிடம் உட்கார்ந்தது, சிரித்ததா, பாதியில் ஓடியதா என்று எழுத வேண்டும். எனக்கு ஒரே பெண், நாலு வயது. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். நல்ல பெயர் ஒன்றும் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று தூசி தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் நான்தான் அவளோடு உட்கார்ந்தேன். வண்ண வாரத்தில் மூன்று கிண்ணம், மூன்று நிறத்துப் பொத்தான்கள். அவள் எல்லாப் பொத்தானையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கரண்டியால் கிண்டினாள்.

"இல்லடா கண்ணு, நீலம் நீலத்தோட" என்று கையைப் பிடித்தேன்.

"நான் சமைக்கிறேன்" என்றாள்.

"இது சமையல் இல்லம்மா. வகைப்படுத்துறது."

நாலு வயதுக் குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது? நாலாவது நிமிடம் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டாள். அந்தப் பொத்தான்களைக் கடைசியில் வகைப்படுத்தியது நான். குறிப்பில் 'பதினெட்டு நிமிடம் உற்சாகமாக ஈடுபட்டாள்' என்று எழுதி அனுப்பினேன். போட்டோவில் பொத்தான்கள் மட்டும்தான் இருந்தன.

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருக்கிற கட்டிடம் உட்பட ஏழு கட்டிடங்களின் லிப்ட் அவர் பொறுப்பு. கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர். விடிவதற்குள் கிளம்பிப்போய் மதியம் மூன்று மணிக்கு வந்துவிடுவார். தண்ணீர் வாரத்தின்போது எனக்குத் தலைக்கு மேல் வேலை. "ஏங்க, இந்த அஞ்சையும் அவளைச் செய்ய வெச்சு போட்டோ மட்டும் எடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று தாள்களைக் கையில் திணித்துவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எது மிதக்கும், எது மூழ்கும் என்பது விளையாட்டு. பத்துச் சாமான், ஒரு வாளி என்று எழுதியிருந்தேன். அந்த மனிதர் குளியலறைத் தொட்டியை நிரப்பியிருக்கிறார். தன் செருப்பு, என் ஸ்டேப்ளர், உருளைக்கிழங்கு, ஸ்பேனர், டி.வி. ரிமோட், எல்லாம் உள்ளே போயிருக்கிறது. கடைசியில் வாண்டுவும் உள்ளே போயிருக்கிறாள். மூடிய கதவைத் தாண்டி அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரிமோட் மூழ்கியது. ஸ்டேப்ளர் துருப்பிடித்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் சொட்டச் சொட்ட வெளியே வந்தார்கள்.

"தாள்ல பத்துச் சாமான்னுதானே இருந்தது?" என்று கேட்டேன்.

"பத்து போதலைங்கறா" என்றார்.

எடிட்டர் அம்மா போனில் கூப்பிட்டார். "இந்த வாரம் போட்டோ பிரமாதம்மா. குழந்தை முகத்துல என்ன ஒரு சிரிப்பு! எப்படித்தான் சிரிக்க வெக்கிறீங்களோ!" நான் என்ன சொன்னேன்? "அது பழக்கம்தாங்க" என்றேன். குறிப்பின் மேலே 'சோதித்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'தாய்' என்று போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லா வாரமும் அவர்தான். நிழல் வாரத்தில் டார்ச்சை வைத்துச் சுவரில் யானை விட்டார். பூச்சி வாரத்தில் இரண்டு பேரும் வயிற்றால் ஊர்ந்து மாடிப்படி வரை போக, கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் தடுக்கி விழப் பார்த்தார். யோசிப்பது நான், எழுதுவது நான், பிழை பார்ப்பது நான். சிரிப்பு மட்டும் அவர் கணக்கில். முழங்காலில் அடிபட்டால் 'அப்பா'. தலைவார 'அப்பா'. ஒருநாள் நான் சோறு ஊட்டப் போனபோது வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணால் வாசலைக் காட்டினாள். அப்பா வரட்டுமாம். தட்டைத் தரையில் டொக்கென்று வைத்தேன். வீட்டுக்குள்ளேயே நான் வாடகைக்கு இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் வாரத்துக்கு முந்தின வண்டி வாரத்தில் சிக்னல் விளையாட்டு ஒன்று எழுதினேன். சிவப்பு வட்டமும் பச்சை வட்டமும் வெட்டி ஏதாவது ஓர் அறைக் கதவில் மாற்றி மாற்றி ஒட்டுங்கள், சிவப்பு என்றால் நிற்க வேண்டும், பச்சை என்றால் உள்ளே வரலாம், பிள்ளை விதியைக் கற்றுக்கொள்ளும் என்று. நானே சிவப்பை வெட்டி என் அறைக் கதவில் ஒட்டினேன். வாண்டு ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கதவைத் தட்டவில்லை. 'இந்த விளையாட்டு நூற்றுக்கு நூறு வெற்றி' என்று குறிப்பில் எழுதினேன். எனக்கும் வேலை நிம்மதியாக ஓடியது, அதை மறைப்பானேன்.

அப்புறம் வந்தது வீட்டு வாரம்.

'அட்டைப்பெட்டியில் ஒரு வீடு. யார் எங்கே இருக்கிறார்கள்?' இதுதான் விளையாட்டு. ஒரே ஒரு பெட்டி, அதில் நாலு தடுப்பு, வீட்டில் உள்ளவர்களுக்குத் துணி மாட்டுகிற கிளிப், கிளிப்பில் முகம் வரைய மார்க்கர். இருபத்தைந்து நிமிடம். லிப்ட்காரர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? திங்கட்கிழமை ஆரம்பித்தது புதன்கிழமை ஆகியும் முடியவில்லை. மூன்று நாளும் மூடிய கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே அவர்கள் கிசுகிசுப்பதையும் விழுந்து விழுந்து சிரிப்பதையும் கேட்டுக்கொண்டே கடல் வாரத்தை எழுதினேன். நண்டைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்குள் நாலு தரம் காதைத் தீட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை நாலரைக்கு இரண்டு பேரும் பூங்காவுக்குக் கிளம்பினார்கள். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு நான் வெளியே வந்தேன்.

ஜன்னலோரம் கட்டிடம் நின்றது. ஐந்து செருப்புப் பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று. பக்கவாட்டில் லிப்ட். தீப்பெட்டிதான் லிப்ட். நூல் சுற்றுகிற கட்டை ஒன்றை ஜன்னல் கம்பியில் மாட்டி, அதன்மேல் நூலை ஓட்டி, நூலின் மறுமுனையில் எடைக்கு ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். விரலால் நட்டை இழுத்தால் தீப்பெட்டி மேலே போகிறது. விட்டால் மெதுவாக இறங்குகிறது. மாடிகளுக்கு நேராக நிற்க நாலு குண்டூசி. நல்ல வேலை. அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆட்களைப் பார்த்தேன். துணிக்கொடியில் கிளிப் குறைந்துகொண்டே வந்த மர்மம் அப்போதுதான் விளங்கியது. கீழ் மாடியில் பழுப்பு கிளிப், தலையில் தொப்பி, அது வாட்ச்மேன். இரண்டாவதில் மூக்குக்கண்ணாடி வரைந்த வெள்ளை கிளிப், டியூஷன் டீச்சர். மூன்றாவதில் கறுப்பு கிளிப் ஒன்று படுத்திருந்தது, வாலாக ஒரு நூல், மாடிப்படிப் பூனை. நாலாவதில் மீசை வைத்த நீல கிளிப்பும் குட்டையான மஞ்சள் கிளிப்பும் பக்கத்தில் பக்கத்தில். அப்பாவும் மகளும்.

ஐந்தாவது பெட்டி மூடியிருந்தது. சுற்றிலும் டேப் ஒட்டி, முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம். எனக்குத் தெரியாதா? ஏழு வருடமாக லிப்ட்காரர் பெண்டாட்டி. மொட்டைமாடியில் மெஷின் ரூம், வேற்றாள் நுழையக் கூடாது என்று அபாய முத்திரை. அதுகூட விட்டுப்போகவில்லை. லிப்ட்டின் மோட்டாருக்கு ஓர் அறை இருக்கிறது. வாட்ச்மேன் இருக்கிறார். பூனை இருக்கிறது. அந்தப் பூனை எங்களுடையதுகூட இல்லை.

நான் இல்லை.

மறுபடி பார்த்தேன். பெட்டிகளுக்குப் பின்னால் பார்த்தேன். தீப்பெட்டியை இழுத்துத் திறந்துகூடப் பார்த்தேன். இல்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியை எழுதியதே நான். அந்தக் கேள்விக்கு என் பெண் சொன்ன பதிலில் நான் எங்குமே இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது ஆத்திரம். அவளை மொத்தமாக என்னிடமிருந்து பறித்துக்கொண்டுவிட்டார், அதுவும் நான் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டே, என்று தோன்றியது.

கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினேன். நட்டு தரையில் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. கட்டிடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நிஜ லிப்ட்டில் கீழே போய், பின்பக்கம் இருக்கிற காகிதக் குப்பை டிரம்முக்குள் போட்டேன். முழுசாக உள்ளே போகவில்லை. கையால் அமுக்கினேன். இரண்டாவது தரம் அமுக்கியபோது கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. மேலே வந்து கையைக் கழுவிக்கொண்டு கடல் வாரத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குக் குப்பை வண்டி வரும்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வந்துவிட்டார்கள். வாண்டு ஓடுகிற சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. பிறகு, "அப்பா! கட்டடம் காணோம்."

நான் வெளியே வந்தேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அதா? பழைய பெட்டிங்கன்னு நெனைச்சுக் குப்பையில போட்டுட்டேனே" என்றேன். பொய் கூசாமல் வந்தது. அழுவாள், அப்பா மடியில் போய் விழுவாள், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் அப்பாவிடம் போகவில்லை. என்னிடம் வந்தாள். என் சேலையைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, "அம்மா உள்ள இருக்கா" என்றாள்.

"என்னடி?"

"அம்மா உள்ள இருக்கா! நீ அம்மாவைக் குப்பையில போட்டுட்ட!"

அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. லிப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மூன்று மாடியும் இறங்கி ஓடினேன். பின்னாலேயே அவர் வாண்டுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டி தெருமுனையில் நின்று அடுத்த கட்டிடத்து டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் எங்கள் டிரம்மை வாசலுக்கு உருட்டி வந்துவிட்டார். "நில்லுங்கண்ணே, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே போய் இடுப்பளவு உள்ளே குனிந்தேன். யாரோ போட்ட நனைந்த செய்தித்தாள், முட்டை அட்டை, அதற்கு அடியில் எங்கள் கட்டிடம். கீழ் மாடிகள் நசுங்கிவிட்டன. மேல் பெட்டி ஒரு மூலை மட்டும் உள்வாங்கியிருந்தது.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தங்கம் ஏதாவது தவறிப்போச்சா?"

"ஆமாண்ணே" என்றேன்.

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்தோம். வாண்டு ஒவ்வொரு கிளிப்பாக எடுத்து ஊதித் துடைத்து வரிசையாக வைத்தாள். அவர் தீப்பெட்டியில் தொங்கிய நூலை எடுத்து, முனையை விரலில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அறுந்த கயிறுகளைப் பார்ப்பதே அவர் தொழில்.

"இது அறுந்த நூல் இல்ல" என்றார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "வெட்டின நூல்."

பொய் சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வேறு வந்தது. "பொறாமையா இருந்துச்சுங்க."

"யார் மேல?"

"உங்க மேலதான். வேற யார் இருக்கா இந்த வீட்டுல? எல்லாரும் இருந்தாங்க, அந்தப் பூனைகூட. நான்தான் இல்லை. மேல மெஷின் ரூம் கட்டத் தெரிஞ்சுது, எனக்கு ஓர் இடம் இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மெஷின் ரூமா? இந்த லிப்ட்டுக்கு மெஷினே நான்தான். விரலால இழுக்கறதுக்கு எதுக்கு ரூம்?"

வாண்டு மேல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். டேப்பில் நகத்தை வைக்கப் போனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தொறக்காதே. சிவப்பு ஒட்டியிருக்கு. அம்மா வேலை செய்யறா."

"லிப்ட்டும் அங்க நிக்காது" என்றார் அவர். "அஞ்சாவது மாடிக்கும் குண்டூசி குத்தறேன்னு நான் சொன்னேன். கூடாதுன்னுட்டா. சத்தம் போட்டா அம்மா திட்டுவாளாம்."

"அம்மாவே கேக்கறேன்டா. ஒரு தரம் தொறக்கலாமா?" என்றேன். அவள் யோசித்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டவில்லை, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். அவளே டேப்பைப் பிரித்தாள்.

உள்ளே ஒரு சிவப்பு கிளிப். அதற்கு முன்னால் மடித்த அட்டை ஒன்று, என் லேப்டாப். பஞ்சு வைத்து ஒரு கட்டில். மற்ற மாடிகளில் சுவர் வெறும் அட்டையாகத்தான் இருந்தது. இந்தப் பெட்டியில் மட்டும் உள்பக்கம் முழுக்க, மேலே மூடியின் அடிப்பக்கம்கூட, ஓர் இடம் விடாமல் வரைந்திருந்தாள். மரம், பூனை, பூங்கா ஊஞ்சல், மீசை வைத்த ஓர் ஆள், பெரிதாக ஒரு சூரியன்.

"இதெல்லாம் என்னம்மா?" என்று கேட்டேன்.

"அம்மாதான் வெளிய வர மாட்டாளே" என்றாள் வாண்டு, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "அதான் உள்ளயே வரைஞ்சேன்."

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். டியூஷன் டீச்சர் பிள்ளைகளோடு படியேறிப் போனார். பார்க்கட்டும் என்று இருந்தேன். வாண்டு சிவப்பு கிளிப்பை எடுத்து என் மடியில் வைத்து, "ஒண்ணும் ஆகலை, பாரு" என்று தேற்றினாள். அவளுக்கு நான் கிளிப்புக்காக அழுகிறேன் என்று எண்ணம்.

மேலே வந்ததும் கதவிலிருந்த சிவப்பு வட்டத்தைப் பிய்த்தேன். "பச்சை எங்க வெச்சேன்?" என்று மேஜையைக் குடைந்தேன்.

"பச்சையை நீ எங்க வெட்டின?" என்றார் அவர். "தாள்லயே இருக்கு, வண்டி வாரத்து பைல்ல."

போய்ப் பார்த்தேன். இருந்தது. ஐந்து வாரமாக வெட்டப்படாத பச்சை வட்டம். 'மாற்றி மாற்றி ஒட்டுங்கள்' என்று ஊர்ப் பெற்றோருக்கெல்லாம் எழுதியவள் நான். கத்தரிக்கோலை எடுத்தேன். "நான்" என்று வாண்டு பிடுங்கிக்கொண்டாள். நாக்கைத் துருத்திக்கொண்டு வெட்டினாள். வட்டம் ஒரு பக்கம் உருளைக்கிழங்கு மாதிரி புடைத்தது. ஓரத்தை மட்டும் சரிசெய்துவிடலாம் என்று என் கை துறுதுறுத்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பச்சையை ஒட்டிவிட்டு உள்ளே போய்க் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 'சோதித்தவர்' கட்டத்தில் 'தந்தை' என்று போட்டேன். அடியில் 'முந்தைய நாலு வாரங்களுக்கும் அப்படியே திருத்தவும்' என்று எழுதினேன். எழுதும்போது இனிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

கதவு தட்டுகிற சத்தம். ஐந்து வாரத்தில் முதல் தட்டு.

"அம்மா, பச்சை ஒட்டியிருக்கு. வரலாமா?"

"வாடா கண்ணு, வா வா!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது. "இல்ல, சும்மாதான். வரலாமான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டு அப்பாவிடம் ஓடிவிட்டாள். கூடத்தில் பெட்டிகளை நிமிர்த்துகிற சத்தமும் சிரிப்பும் ஆரம்பித்தன.

வயிறு மறுபடி எரிந்தது. போகுமா அவ்வளவு சீக்கிரம்? பச்சை என்றால் பிள்ளை உள்ளே வரலாம் என்றுதான் எழுதியிருந்தேன். அம்மா வெளியே போகக் கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. கதவைத் திறந்துகொண்டு போனேன். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி அந்த நட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிப் புது நூலில் கட்டினார்.

வாண்டு ஐந்தாவது மாடிக்கு நேராகக் குண்டூசியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கோணலாகப் போயிற்று.

"நான் என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நகர்ந்து, தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.

"நீ இங்க உக்காந்து பாரு" என்றாள். "கை வெக்காதே."

உட்கார்ந்தேன்.